முப்பத்தெட்டுப் படி அட்வான்ஸ்

அன்று காலை திருத்தணி மலைப்படியில் இருந்தவர்கள் இவர்கள்.

என் மனைவி சுலோச்சனா. ஒரு கையில் மஞ்சள் கிண்ணம், ஒரு கையில் குங்குமம். கற்பூர டப்பா இடுப்பில்.

என் மகள் ஹேமா. விமானம் ஓட்டுகிறவள். அன்று சீருடைச் சட்டையும் தோளில் கோடும் இல்லை. சுடிதார். வெயிலுக்குத் துப்பட்டாவைத் தலையில் போட்டிருந்தாள்.

என் மச்சான் தயாளன். சுலோச்சனாவின் தம்பி. பொதட்டூர்பேட்டையில் நான்கு தறி, லுங்கி வியாபாரம்.

கண்டக்டர் ஆரோக்கியசாமி. என்னோடு ஒரே பஸ்ஸில் பல வருடம் இருந்தவர். வேதக்காரர். கோயிலுக்குள் வரமாட்டார், படியில் வருவார். கேட்டால், "படி பொதுவுங்க" என்பார்.

ஒரு குரங்கு. அதன் கண் தயாளன் கையில் இருந்த வாழைப்பழப் பைமேல்.

பிறகு நான்.

கிருத்திகை நாள். கல் இன்னும் சுட ஆரம்பிக்கவில்லை. மொட்டை போட்ட குழந்தைகளின் தலையில் சந்தன வாசனை. மக்கள் எங்களைத் தாண்டி மேலே போய்க்கொண்டிருந்தார்கள். நாங்கள் மேலே போகவில்லை. மூன்றாவது படியில் நின்றோம்.

சுலோச்சனா குனிந்தாள். படிக்கு மஞ்சள் பூசினாள். குங்குமம் வைத்தாள். ஒரு கட்டி கற்பூரம் ஏற்றினாள். நான்காவது படிக்குப் போனாள்.

"அம்மா, அதெல்லாம் நான் இன்னும் பறக்கல" என்றாள் ஹேமா. "இனிமேதான் பறக்கப் போறது."

"ரோஸ்டர்ல போட்டாங்களா இல்லியா?"

"போட்டிருக்காங்க. இந்த மாசம் நாப்பத்தோரு மணி நேரம்."

"அப்புறம் இன்னா? இன்னிக்குக் கிருத்திகை. நீயும் ஊர்ல கீற. ரெண்டும் சேந்து எப்ப வரும்?"

தயாளன் சிரித்தான். "இன்னாக்கா, முருகனுக்கே அட்வான்ஸா?"

"நீ நூலுக்கு அட்வான்ஸ் வாங்கல?"

"வாங்கறேன். லுங்கி நெய்ஞ்சு குடுத்துடறேனே."

"அவளும் பறந்து குடுத்துடுவா. நீ பையக் கெட்டியாப் புடி. கொரங்கு பாத்துகினு கீது."

நான் எதுவும் சொல்லவில்லை. எனக்கு விஷயம் தெரியும். அதனால்தான் சொல்லவில்லை. அதை விளக்க வேண்டும். கொஞ்சம் பின்னால் போகிறேன்.

ஒரு மணிக்கு ஒரு படி

விமானம் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு நோட்டு உண்டு. எத்தனை மணி நேரம் வானத்தில் இருந்தார்கள் என்று அதில் எழுத வேண்டும். படிப்பு, மார்க்கு எல்லாம் அப்புறம். முதலில் அந்த நோட்டைத்தான் கேட்பார்கள்.

இருநூறு மணி நேரம் பறந்தால் ஒரு லைசென்ஸ். அதை வைத்துக்கொண்டு பக்கத்து சீட்டில் உட்காரலாம். ஆயிரத்து ஐந்நூறு மணி நேரம் சேர்ந்தால்தான் அடுத்த லைசென்ஸ். அது இருந்தால்தான் கேப்டன். தோளில் நான்கு கோடு. அதற்குக் கீழே எத்தனை வருடம் ஓட்டினாலும் மூன்று கோடுதான்.

ஹேமா பயிற்சிக்குப் போன அன்று சுலோச்சனா சாப்பிடவில்லை. மறுநாள் அடிவாரத்துக்குப் போனாள். திரும்பி வந்து சொன்னாள்: "அவ மேல இருக்கற ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு படி. பேசிட்டேன்."

யாரிடம் பேசினாள் என்று நான் கேட்கவில்லை. இந்த ஊரில் அதைக் கேட்க மாட்டார்கள்.

அதிலிருந்து மாதக் கடைசியில் ஹேமாவிடமிருந்து போனில் ஒரு எண் வரும். சொல் எதுவும் இருக்காது. பன்னிரண்டு என்றால் பன்னிரண்டு. நாற்பத்தேழு என்றால் நாற்பத்தேழு. நிமிடங்களை அவளே அடுத்த மாதத்தில் சேர்த்துக்கொள்வாள். எண் வந்ததும் சுலோச்சனா கிண்ணத்தை எடுப்பாள். போன மாதம் விட்ட படியிலிருந்து ஆரம்பிப்பாள். விட்ட படி அவளுக்கு எப்படி நினைவிருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஒருமுறைகூடத் தப்பியதில்லை.

மலைக்கு முந்நூற்று அறுபத்தைந்து படி. நான்கு முறை உச்சிக்குப் போய்விட்டாள். ஐந்தாவது முறை கீழேயிருந்து ஆரம்பித்து இரண்டு படி. ஆக ஆயிரத்து நானூற்று அறுபத்திரண்டு. ஹேமாவின் நோட்டிலும் அன்று அதுதான்.

மீதி முப்பத்தெட்டு. அதைத்தான் அன்று அட்வான்ஸாகப் போட்டுக்கொண்டிருந்தாள்.

கடல் இல்லாத ஊரில் கடற்படை

போன வாரம் இந்தப் பத்தியில் ஆந்திரா செக்போஸ்ட்டைப் பற்றி எழுதியிருந்தேன். மூன்று பேர் போன் செய்தார்கள். மூவரும் டிரைவர்கள். ஒருவர் மட்டும் கேட்டார்: "அண்ணே, பஸ்ஸு ஓட்டினவரு பொண்ணு ஏரோப்ளேனு ஓட்டுதாமே, அது எப்படி?"

அது அரக்கோணத்தால் வந்தது.

அரக்கோணத்தில் கடற்படைக்கு ஒரு விமானதளம் இருக்கிறது. கடல் அங்கிருந்து பஸ்ஸில் மூன்று மணி நேரம். ஏன் அங்கே வைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஹேமா பள்ளி விடுமுறையில் என் பஸ்ஸில் வருவாள். இன்ஜின் மூடிமேல் உட்காருவாள். மூடி சுடும். சாக்கு போட்டு உட்காருவாள். கடற்படை விமானம் தாழ்வாகப் போனால் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு பார்ப்பாள்.

ஒருநாள் கேட்டாள்: "நைனா, அதுல கண்டக்டர் உண்டா?"

பின்னாலிருந்து ஆரோக்கியசாமி சொன்னார்: "உண்டும்மா. ஆனா படியில தொங்க வுடமாட்டாரு."

அவ்வளவுதான் ஆரம்பம். பெரிய காரணம் வேறு எதுவும் இல்லை.

கனகம்மாசத்திரத்தில் சுலோச்சனாவுக்கு அப்பா வழியில் கொஞ்சம் நிலம் இருந்தது. நெல், பிறகு வேர்க்கடலை. சாலையை அகலப்படுத்த அரசாங்கம் எடுத்துக்கொண்டது. நான் ரோட்டில் பிழைத்தவன். ரோடு வந்து என் மனைவியின் நிலத்தைத் தின்றது. கிடைத்த பணம் ஆகாயத்துக்குப் போனது. பற்றாததற்கு வங்கி.

"பாவா, இந்தக் காசுல நாலு பஸ்ஸு வாங்கியிருக்கலாம்" என்றான் தயாளன்.

"பஸ்ஸு வாங்கின எங்க முதலாளி கதிய நீ பாத்தியே" என்றேன்.



பயிற்சி முடிந்தது. இருநூறு மணி. இருநூறு படி. பிறகு மூன்று வருடம் வீட்டில் இருந்தாள். அந்த மூன்று வருடமும் பேப்பரில் ஒரே செய்தி. நாட்டில் விமானிகளுக்குத் தட்டுப்பாடு, ஆயிரக்கணக்கில் தேவை என்று. அதை வெட்டிக்கொண்டு வந்து கொடுக்க ஊரில் நிறைய பேர் இருந்தார்கள். வேலை கொடுக்கத்தான் யாரும் இல்லை.

கடைசியில் ஒரு சின்னக் கம்பெனி கூப்பிட்டது. பெரிய ஊருக்கும் சின்ன ஊருக்கும் நடுவே ஓடுகிற கம்பெனி. இறக்கையில் காற்றாடி வைத்த விமானம். உட்கார எழுபது இடம். சில ஊர்களில் பதினெட்டு பேர் ஏறுவார்கள், மூன்று பேர் வழியனுப்ப வருவார்கள், ஒரு நாய் ஓடுபாதையில் படுத்திருக்கும் என்றாள்.

"அந்த ரூட்டுல எப்படிக் கட்டுப்படியாவுது?" என்று ஆரோக்கியசாமி கேட்டார்.

"ஆவல மாமா. கவர்மெண்டு கொஞ்ச வருசத்துக்குத் தரும். அதுக்குள்ள ஜனங்க பழகிக்கணும்."

"பழகாட்டி?"

"ரிப்பன் வெட்டின எடத்துல புல்லு மொளைக்கும்."

ஆள் ஏறாத மினிபஸ்ஸிலும் கொஞ்ச காலம் கண்டக்டராக இருந்தவருக்கு இது புதிது இல்லை. தலையாட்டினார்.

பெயிண்ட்

இப்போது என் கம்பெனி கதை.

எங்கள் முதலாளிக்கு ஐந்து வண்டி. என் வண்டி திருத்தணி–பொதட்டூர்பேட்டை. கம்பெனி ஒரே நாளில் மூடவில்லை. எந்தக் கம்பெனியும் ஒரே நாளில் மூடுவதில்லை. நோட்டீஸ்தான் ஒரே நாளில் வரும்.

முதலில் டீசல். டேங்க் நிரப்புவது நின்றது. அன்றைய ட்ரிப்புக்கு மட்டும் ஊற்றினார்கள்.

பிறகு டயர். ஷெட்டில் நின்ற வண்டியின் டயர் ஓடுகிற வண்டிக்கு வந்தது. பிறகு அதன் சீட்டு. பிறகு அதன் கண்ணாடி. ஷெட்டில் ஒரு வண்டி நோயாளி மாதிரி மெலிந்துகொண்டே வந்தது.

பிறகு முதலாளி வந்தார். எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். வீட்டில் சௌக்கியமா என்று விசாரித்தார். அதற்கு முன் பத்து வருடத்தில் அவர் கேட்டதில்லை.

கடைசியாகப் பெயிண்ட். ஐந்து வண்டிக்கும் புதுப் பெயிண்ட். கிளி பச்சை, ஓரத்தில் மஞ்சள். நாங்கள் எல்லோரும் ஷெட்டில் நின்று பார்த்தோம்.

ஆரோக்கியசாமி என் காதில் சொன்னார்: "டிரைவரே, நம்ம வண்டிக்குப் பொண்ணு பாக்க வராங்க."

மறு மாதம் வண்டிகள் விலையாகி ஆந்திராவில் நகரிப் பக்கம் போய்விட்டன. கடைசி ட்ரிப்பை நான்தான் ஓட்டினேன். ஆரோக்கியசாமி அதற்கு முன்பே வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொன்னார். நான் போகவில்லை. ரூட்டில் ஆள் நிற்பார்களே என்று இருந்தேன். நின்றார்கள். பதினொரு பேர்.

பேருந்து நிலையத்தில் நேரம் எழுதுகிறவர் கேட்டார்: "நாளைக்கு?"

"நாளைக்கு இல்ல" என்றேன்.

அவர் நோட்டில் நேரம் குறித்தார். சரியான நேரத்துக்குத்தான் வந்திருந்தேன்.

சில மாதம் கழித்து நகரியில் என் வண்டியைப் பார்த்தேன். வேறு பெயர், வேறு நிறம். பின்பக்கம் நான் மரத்தில் இடித்த ஒடுக்கு அப்படியே இருந்தது. பெயிண்டுக்கு அடியில் மாற்றம் எதுவும் இல்லை.

அதற்குப் பிறகு ஒரு பொறியியல் கல்லூரியில் பஸ் ஓட்டுகிறேன். மாணவர்கள் ஏறுவார்கள், காதில் கம்பி மாட்டிக்கொள்வார்கள், இறங்குவார்கள். டீசல் நிரப்பி வைத்திருக்கிறார்கள். நல்ல கம்பெனி.

முதலாளி வந்தாரா?

அந்தக் கிருத்திகைக்கு ஆறு மாதம் முன்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஹேமா போனில் சந்தோஷமாக இருந்தாள்.

"நைனா, எங்க விமானத்துக்கெல்லாம் புது பெயிண்ட் அடிக்கிறாங்க. வாலுல மயில் கழுத்து கலரு. சூப்பரா கீது."

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"நைனா? இருக்கியா?"

"டயரு எப்படி இருக்குது?"

"இன்னா?"

"டயரு."

"நல்லாத்தான் இருக்குது. அதெல்லாம் இன்ஜினியருங்க விதிப்படி பாத்துடுவாங்க. போன வாரம் நிக்கிற விமானத்துலேர்ந்து ஒண்ணக் கழட்டி எங்களுக்குப் போட்டாங்க."

"எத்தினி நிக்குது?"

"ரெண்டு."

"ஓடறது?"

"மூணு."

"எண்ணெய் எப்படி ஊத்தறாங்க?"

"சில ஊர்ல காசு கட்டினப்புறந்தான் ஊத்தறாங்க. அன்னிக்குக்கூட ஒரு மணி நேரம் லேட்டு. ஏன் கேக்கற?"

"முதலாளி வந்தாரா?"



"உனக்கு யாரு சொன்னது?" என்றாள். "போன மாசம் வந்தாரு. எல்லாரையும் பேரு சொல்லிக் கூப்ட்டாரு. என்னைக்கூட, அம்மா எப்படி இருக்காங்கன்னு கேட்டாரு. ரொம்ப நல்ல மனுசன் நைனா."

"ஆங்" என்றேன்.

அதே வாரம் ஒரு பெரிய கம்பெனி அவளைக் கூப்பிட்டது. பெரிய விமானம். ஆனால் வேறு வகை விமானம். போனால் ஆறு மாதம் பறக்க முடியாது. முதலில் வகுப்பு. பிறகு ஒரு அறைக்குள் நிற்கிற பொம்மை விமானம். அதில் ஓட்டுகிற நேரம் நோட்டில் பறந்த கணக்கில் ஏறாது.

"ஷெட்டுக்குள்ள ரிவர்ஸ் எடுத்தா கிலோமீட்டர் ஏறாதே, அது மாதிரி" என்று ஆரோக்கியசாமி சுலோச்சனாவுக்கு விளக்கினார்.

சுலோச்சனாவுக்குப் புரிந்தது ஒன்றுதான். படி நின்றுவிடும்.

"இன்னும் நூத்தி எண்பது படிதான் கீது. முடிச்சிட்டுப் போயேன். பாதி மலையில எறங்கி வேற மலைக்குப் போவாங்களா?"

ஹேமாவும் அப்படித்தான் நினைத்தாள். நூற்று எண்பது மணி நேரம். நான்கைந்து மாதம். முடித்துவிட்டால் கேப்டன் லைசென்ஸோடு போகலாம். கணக்குச் சரிதான். எல்லோரும் படியை எண்ணினோம். கம்பெனியை யாரும் எண்ணவில்லை.

"நைனா, நீ சொல்லு. போவட்டா, இருக்கட்டா?"

"உன் இஷ்டம்" என்றேன்.

சொல்லியிருக்கலாம். டீசல், டயர், முதலாளி, பெயிண்ட், நாலும் வந்தாச்சு, கிளம்பு என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் மனைவி எண்ணிக்கொண்டிருந்தாள். எண்ணுகிறவர்கள் பக்கத்தில் பேசினால் எண்ணிக்கை தப்பும். அது ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு. எங்கள் வண்டிக்குப் பெயிண்ட் அடித்தபோது எனக்கும் அது பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

முப்பத்து மூன்றாவது படி

படிக்கு வருகிறேன்.

ஆரோக்கியசாமி எண்ணிக்கொண்டு வந்தார். டிக்கெட் எண்ணிய வாய். "இருபத்தி எட்டு... இருபத்தி ஒம்போது..." மேலே போகிறவர்கள் குங்குமத்தை மிதிக்காமல் ஒதுங்கிப் போனார்கள். ஒரு அம்மா நின்று கேட்டார்: "இன்னா வேண்டுதலுமா? பொண்ணு கல்யாணமா?"

"வேலைங்க" என்றாள் சுலோச்சனா.

"இன்னா வேல?"

"டிரைவரு" என்றாள். விமானம் என்று சொன்னால் நின்று பேசுவார்கள். அவளுக்கு வேலை இருந்தது.

முப்பத்து மூன்றாவது படியில் கற்பூரம் எரியும்போது ஹேமாவின் போன் ஒலித்தது. பேசவில்லை. படித்தாள். படியில் உட்கார்ந்தாள். கல் சுட ஆரம்பித்திருந்தது. அவள் எழுந்திருக்கவில்லை.

"இன்னாமா?" என்றான் தயாளன்.

"எல்லா விமானத்தையும் நிறுத்திட்டாங்களாம் மாமா. அடுத்த அறிவிப்பு வர வரைக்கும்."

"தற்காலிகமாவா?" என்றேன்.

என்னைப் பார்த்தாள். "ஆங். தற்காலிகமாத்தான்னு போட்டிருக்குது."

"சரி" என்றேன். எங்கள் நோட்டீஸிலும் அந்தச் சொல் இருந்தது.

தயாளனின் கை தளர்ந்தது. குரங்கு அதற்குத்தான் காத்திருந்தது. பையோடு போய்விட்டது. யாரும் விரட்டவில்லை.

சுலோச்சனா நிமிர்ந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது.

"எத்தினி ஆச்சு கண்டக்டரே?"

"முப்பத்தி ஒண்ணுமா."

"ஏழு கீது."

"அக்கா, இப்ப எதுக்கு?" என்றான் தயாளன்.

அவள் குனிந்தாள். முப்பத்து நான்காவது படிக்கு மஞ்சள் பூசினாள். காற்று கற்பூரத்தை அணைத்தது. மறுபடி ஏற்றினாள். ஏழு படியும் போட்டாள். நாற்பதாவது படியில் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கையைப் புடவையில் துடைத்தாள்.

ஆயிரத்து ஐந்நூறு படி முடிந்தது. ஹேமாவின் நோட்டு அப்படியே இருந்தது.

நான்காவது கோடு

மூன்று மாதம் போனது. கம்பெனியிலிருந்து வாரம் ஒரு கடிதம். புது முதலீட்டாளர் வருகிறார். பேச்சு நடக்கிறது. பொறுமைக்கு நன்றி. பிறகு மாதம் ஒரு கடிதம். பிறகு அதுவும் இல்லை.

சின்னக் கம்பெனி நின்றால் அங்கே ஓட்டியவர்கள் எல்லோரும் ஒரே நாளில் பெரிய கம்பெனி வாசலுக்குப் போவார்கள். பெரிய கம்பெனி மறுபடி கூப்பிடவில்லை. ஒருமுறை கூப்பிட்டவர்களுக்கு ஹேமா வரமாட்டேன் என்று சொன்னது நினைவிருந்தது போல.

தயாளன் வந்தான். "ஹேமா, லுங்கி லோடு வண்டி ஒண்ணு சும்மா நிக்குது. ஓட்டறியா?"

"லோடு இருக்குதா மாமா? எங்க கம்பெனியில அதான் இல்ல."

சிரித்தாள். சாப்பிடும்போது சிரிக்கவில்லை.

அப்போதுதான் எங்கள் கல்லூரியில் வேலைவாய்ப்பு பார்க்கிற சார் என்னைக் கூப்பிட்டார். "டிரைவரே, உங்க பொண்ணு பைலட்டாமே. பசங்களுக்கு வந்து பேசச் சொல்லுங்க. அந்தத் துறையில இருக்கற வாய்ப்புகளப் பத்தி."

"அவ இப்ப வேலையில இல்லீங்க சார்" என்றேன்.

"அத எதுக்குச் சொல்றீங்க? வாய்ப்பப் பத்தித்தானே பேசப் போறாங்க."

ஹேமாவிடம் சொன்னேன். மறுப்பாள் என்று நினைத்தேன். "வரேன் நைனா. சட்ட சும்மா மடிச்சே கீது" என்றாள்.

வாசலில் பெரிய ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். 'விமானத் துறையில் பொன்னான வாய்ப்புகள்.' பக்கத்தில் ஹேமா, சீருடையில். நான் நின்று பார்த்தேன். தோளில் நான்கு கோடு இருந்தது.

அவள் அனுப்பிய படத்தில் மூன்று. ஃபிளெக்ஸ் கடைக்காரரைக் கேட்டேன். "மூணு ஒரு மாதிரி கொறையாத் தெரிஞ்சுதுங்க. ஒண்ணு சேத்துட்டேன். காசு எதுவும் வேணாம்" என்றார்.

ஆயிரத்து ஐந்நூறு மணி நேரத்துக்குக் கிடைப்பதை அவர் இலவசமாகக் கொடுத்துவிட்டார். ஹேமா ஃபிளெக்ஸைப் பார்த்தாள். தன் தோளைப் பார்த்தாள். உள்ளே போனாள்.

நான் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அரை மணி நேரம் பேசினாள். விமானம் எப்படி எழும்புகிறது, மழை மேகத்தை எப்படிச் சுற்றிப் போவது. நன்றாகப் பேசினாள். பிறகு கேள்வி கேட்கச் சொன்னார்கள்.

ஒரு பையன் எழுந்தான். "மேடம், நாட்டுல பைலட்டுக்கு ரொம்பத் தட்டுப்பாடுன்னு பேப்பர்ல போடறாங்களே, உண்மையா?"

"உண்மைதான். நானும் அந்தப் பேப்பரத்தான் டெய்லி வீட்ல உக்காந்து படிக்கிறேன்."

சிரித்தார்கள். வேலைவாய்ப்பு சாரும் சிரித்தார். அவருக்கு அது நகைச்சுவை.

"பெரிய விமானம் இருக்குது, ஓட்ட அனுபவம் உள்ள ஆள் இல்ல. சின்ன விமானத்துல ஆள் இருக்குது, ஓட்ட விமானம் இல்ல. அனுபவம் சின்ன விமானத்துலதான் கெடைக்கும். புரியுதா?"



பொதட்டூர்பேட்டைப் பெண் ஒருத்தி. தினமும் என் பஸ்ஸில்தான் வருவாள், மூன்றாவது சீட்டு. அவள் கேட்டாள்: "அக்கா, இது படிச்சா வேல கெடைக்குமா?"

வேலைவாய்ப்பு சார் ஹேமாவைப் பார்த்தார். கையால் ஏதோ ஜாடை காட்டினார்.

"கெடைக்கும்" என்றாள் ஹேமா. "அப்புறம் போவும். அப்புறம் கெடைக்கும். நடுவுல வீட்ல இருக்கணும். வீட்ல இருக்கறதுக்கு யாரும் பயிற்சி தரமாட்டாங்க. அது நாமே கத்துக்கணும்."

"இப்ப நீங்க எதுலக்கா வேலையில இருக்கீங்க?"

"இப்பவா? இன்னிக்குக் காலைல எங்க நைனா பஸ்ஸுலதான் வந்தேன். சாயங்காலம் அதுலதான் போவேன்."

கை தட்டினார்கள். அவள் உண்மையைச் சொன்னாள். அவர்கள் அடக்கம் என்று நினைத்தார்கள்.

நன்றி சொல்ல வந்த சார், விமானத் துறைக்கு ஒளிமயமான எதிர்காலம் இருப்பதைக் கேப்டன் ஹேமா அழகாக எடுத்துச் சொன்னார் என்றார். ஹேமாவுக்குச் சால்வை போர்த்தினார்கள். அது தோளில் இருந்த மூன்று கோட்டையும் மறைத்தது.

சாயங்காலம் என் பஸ்ஸில் இன்ஜின் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். சாக்கு தேவைப்படவில்லை. புது வண்டி, மூடி சுடாது. வண்டி கனகம்மாசத்திரம் தாண்டியது.

"நைனா."

"ஆங்."

"பெயிண்ட் அடிச்சப்பவே உனக்குத் தெரியும்ல?"

நான் கியரை மாற்றினேன். "தெரியும்."

"ஏன் சொல்லல?"

"நீ சந்தோஷமாச் சொன்னே."

அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரோடு அகலமாக இருந்தது. ஒரு காலத்தில் அங்கே வேர்க்கடலை போட்டிருந்தோம்.

"அடுத்த வாட்டி சொல்லிடு" என்றாள்.

பாக்கி

சுலோச்சனா அதற்குப் பிறகும் கிருத்திகைக்கு அடிவாரம் போனாள். கிண்ணம் எடுத்துப் போகவில்லை. போய் நின்றுவிட்டு வருவாள்.

"அழிச்சிட்டு வந்துடுமா. கணக்கு நேராவும்" என்று ஆரோக்கியசாமி ஒருமுறை கிண்டல் செய்தார்.

"போட்டது போட்டதுதான்" என்றாள். "என் பக்கம் முடிஞ்சுது. இனிமே குடுக்க வேண்டியது மேல இருக்கறவரு."

எட்டாவது மாதம் ஒரு அழைப்பு வந்தது. இன்னொரு சின்னக் கம்பெனி. புதுசு. மூன்று விமானம், அதே காற்றாடி வகை. அதே மாதிரி சின்ன ஊர்கள். ரிப்பன் வெட்டப் போகிறார்கள். தயாளன் வேண்டாம் என்றான்.

இந்த முறை என்னைக் கேட்டபோது நான் இஷ்டம் என்று சொல்லவில்லை. "போய் டயரப் பாரு" என்றேன்.

போனாள். பொம்மை விமானத்தில் மறுபடி பழகினாள். அது கணக்கில் வராது. பிறகு ஒருநாள் போன்.

"நைனா, டயரு புதுசு. குனிஞ்சு பாத்தேன்."

"எண்ணெய்?"

"நெறைய ஊத்தறாங்க."

"முதலாளி வந்தாரா?"

"இன்னும் வரல. என் பேருகூடத் தெரியாது."

"நல்லது" என்றேன்.

"ஒண்ணு சொல்லட்டா? நான் ஓட்டப் போற விமானம் இருக்குதே, அது எங்க பழைய கம்பெனியிலதான் நின்னுகினு இருந்துது. டயர் கழட்டினாங்களே, அது. நம்பரு மாத்திட்டாங்க. சீட்டு பெல்ட்டு கொக்கியில ஒரு கீறல் இருக்கும். அப்படியே கீது."

"பெயிண்ட்?"

"வேற. செவப்பு."

நகரியில் பார்த்த ஒடுக்கு நினைவுக்கு வந்தது. சொல்லவில்லை. டயர் புதுசு என்றாளே.

அந்த மாதக் கடைசியில் சுலோச்சனாவின் போன் ஒலித்தது. பத்து மாதமாக அந்தத் தேதியில் ஒலிக்காத போன். சமையலறையிலிருந்து ஈரக் கையோடு வந்தாள். எண்ணைப் பார்த்தாள். பழக்கத்தில் மஞ்சள் கிண்ணத்தை எடுத்தாள். பிறகு அதே இடத்தில் வைத்தாள்.

போனை என்னிடம் நீட்டினாள். அதில் ஒன்று என்று இருந்தது.

கழித்துப் பார்த்தேன்.

முப்பத்தேழு.